பூகம்பப் படம் பார்த்துவிட்டு என்னிடம் வருபவர்களுக்கு

மறுபடியும் அதே பதில். தரைத்தளம் முழுவதையும் கார் நிறுத்தத் திறந்து வைத்திருக்கும் ஓர் அடுக்ககம். அங்கே மிச்சமிருக்கும் ஒரே சுவரையும் இடித்தால் இன்னும் இரண்டு கார் நிற்குமே என்று சங்கத்தார் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வேண்டாம், நிலநடுக்கம் வந்தால் இந்தத் தளம்தான் முதலில் உட்காரும் என்றேன். "சார், பூகம்பம் வந்தா பூமியே ரெண்டா பிளந்துடும். அப்புறம் இந்தச் சுவர் இருந்தா என்ன, போனா என்ன?" என்றார் ஒருவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கொஞ்ச நாள் முன்புதான் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு ஒரு ஹாலிவுட் படம் ஓடியிருந்தது.

கட்டட அமைப்புப் பொறியாளர் யாரைக் கேட்டாலும் இந்த உரையாடலைச் சொல்வார்கள். படம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தரை திறந்து ஆளை விழுங்கும், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்ற நம்பிக்கையை அது விட்டுச் செல்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நம்பிக்கையோடு ஒருவர் தன் வீட்டுத் தூணைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

2015இல் வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' படத்தையே எடுத்துக்கொள்வோம். ஹூவர் அணை உடைகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நொறுங்குகிறது. சான் பிரான்சிஸ்கோவில் 9.6 அளவு நடுக்கம், அதன்பின் சுனாமி. வழியில், சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அடிதெரியாத ஒரு பிளவு.

அந்தப் பிளவு நடக்காது. கலிஃபோர்னியாவில் சுமார் 1,200 கி.மீ. நீளத்துக்கு ஓடும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்கோட்டின் ஒரு பக்கம் பசிபிக் தட்டு, மறுபக்கம் வட அமெரிக்கத் தட்டு. தட்டு என்பது பூமியின் வெளிப்புறப் பாறை ஓட்டின் ஒரு பெருந்துண்டு. இரண்டும் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர்கின்றன. இரண்டு உள்ளங்கைகளையும் இறுக்கி அழுத்திக்கொண்டு, ஒன்றை முன்னே தள்ளிப் பாருங்கள். கொஞ்ச நேரம் சிக்கிக்கொண்டு நிற்கும், பிறகு சட்டென்று வழுக்கும். அந்த வழுக்கல்தான் நிலநடுக்கம். இப்போது கைகளை விலக்கிக்கொண்டு தள்ளுங்கள். உரசவே இல்லை, எங்கே சிக்கும், எது வழுக்கும்? இரு பக்கமும் விலகி நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அங்கே நடுக்கமே வந்திருக்காது. படத்தில் காட்டும் பள்ளமும் படத்தில் காட்டும் நடுக்கமும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

1906 ஏப்ரல் 18 அன்று இதே பிளவுக்கோடு 470 கி.மீ.க்கு மேல் அசைந்தது. அளவு 7.9. பாயின்ட் ரேஸ் வட்டாரத்தில் நேராக ஓடிய வேலிகள் அறுந்து, ஒரு பாதி பல அடி பக்கவாட்டில் தள்ளி நின்றன. பள்ளத்தில் விழவில்லை, நகர்ந்து நின்றன. சான் பிரான்சிஸ்கோவைப் பெருமளவு அழித்தது அதன்பின் நாள்கணக்கில் எரிந்த தீ. தண்ணீர்க் குழாய்கள் உடைந்திருந்ததால் அணைக்க வழியில்லை. பூகம்பத்தைப் படமெடுக்கிறவர்கள் இந்தத் தீயை எடுத்தால் பாதி உண்மையாவது வந்துவிடும்.

தரையில் விரிசல் வரவே வராது என்று சொல்லவில்லை. ஆற்றங்கரை சரியும், மலைச்சரிவு பெயரும், சாலை வெடிக்கும். தளர்ந்த மண்ணில் நீர் நிறைந்திருந்தால் நடுக்கத்தில் அது குழம்பாகிவிடும். 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலு நகரில் பெட்டோபோ, பாலரோவா பகுதிகள் அப்படித்தான் வீடுகளோடு பெயர்ந்து ஓடின. அது நிஜமான பயங்கரம். ஆனால் அது எந்த மண்ணில் நடக்கும் என்பதை அஸ்திவாரம் தோண்டும் முன் மண் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். அந்தப் பரிசோதனைக்குக் கொடுக்கும் பணத்தைத்தான் நம் ஆட்கள் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதுவரை கருவிகளில் பதிவானதில் மிகப் பெரியது 1960இல் சிலியில் வந்த 9.5. படம் அதையும் தாண்டுகிறது. அசையும் பரப்பு எவ்வளவு பெரிதோ, நடுக்கமும் அவ்வளவு பெரிது. சான் ஆண்ட்ரியாஸ் நீளம்தான், ஆழம் போதாது. அதிகபட்சம் 8.3 அளவில் வரலாம் என்பது அமெரிக்க நில ஆய்வுத்துறையின் கணிப்பு. 8.3க்கும் 9.6க்கும் இடையே ஆற்றலில் ஏறக்குறைய 90 மடங்கு வித்தியாசம்.

சுனாமிக்குக் கடலடித் தரை பெரும்பரப்பில் மேலும் கீழுமாக அசைய வேண்டும். பக்கவாட்டில் உரசும் பிளவுக்கோடு, அதுவும் பெரும்பகுதி நிலத்தில் கிடப்பது, படத்தில் வரும் அந்த அலையை எழுப்பாது. 1906இல் சான் பிரான்சிஸ்கோ கடல்மட்ட அளவியில் பதிவான மாற்றம் 10 செ.மீ. அளவுதான். பாலுவில் பக்கவாட்டு நடுக்கத்துக்குப் பிறகும் சுனாமி வந்தது உண்மை. குறுகிய விரிகுடா, கடலுக்கடியில் மண்சரிவு என்று அதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. ஆனால் அலை வரும் முன் கடல் உள்வாங்குவதைப் படம் காட்டுகிறது, அதைச் சரியாகவே காட்டுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நடுங்கி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் நம் கரைக்கு அலை வந்தது. சில இடங்களில் கடல் உள்வாங்கியபோது, வேடிக்கை பார்க்க இறங்கிப் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கடல் பின்வாங்கினால் மேட்டை நோக்கி ஓடுங்கள். செல்போனை எடுத்துக்கொண்டு கரைக்குப் போகாதீர்கள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

அடுத்தது, நடுக்கத்தை முன்கூட்டியே கணிப்பதாகப் படத்தில் வரும் விஞ்ஞானி. சான் ஆண்ட்ரியாஸின் மேலேயே பார்க்ஃபீல்டு என்ற ஊர் இருக்கிறது. 6 அளவு நடுக்கங்கள் அங்கே ஓரளவு ஒழுங்கான இடைவெளியில் வந்திருந்ததால், அடுத்தது 1993க்குள் வரும் என்று கணித்துக் கருவிகளை நிரப்பி வைத்தார்கள். அது 2004 செப்டம்பரில் வந்தது. சுற்றிலும் அத்தனை கருவிகள் இருந்தும் நம்பத்தக்க முன்னறிகுறி ஒன்றும் சிக்கவில்லை. ஜப்பானிலும் கலிஃபோர்னியாவிலும் போனுக்கு வரும் எச்சரிக்கை, நடுக்கம் ஓரிடத்தில் தொடங்கியபின், அது நம்மை எட்டுவதற்குச் சில நொடிகள் முந்திக்கொண்டு வருவது. எனவே வாட்ஸப்பில் தேதி போட்டு வரும் எந்தப் பூகம்பச் செய்தியையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

இப்போது அந்தக் கார் நிறுத்துமிடத்துக்கு வருகிறேன். 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த்ரிட்ஜில் 6.7 அளவு நடுக்கம். ஒரே அடுக்ககத்தில் 16 பேர் இறந்தார்கள். மேல்தளங்கள் தரைத்தளத்தின்மேல் உட்கார்ந்துவிட்டன. சான் ஆண்ட்ரியாஸ் படம் வெளியான அதே 2015இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சி ஒரு சட்டம் போட்டது. கார் நிறுத்துமிடம் போன்ற திறப்புகளால் தரைத்தளம் பலவீனமான பழைய மரச்சட்டக் கட்டடங்களை, சுமார் 13,500 கட்டடங்களை, உரிமையாளர்கள் பலப்படுத்தியாக வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் நிஜமாகவே பயந்தது இதற்குத்தான். பிளவைப் பார்த்து அல்ல.

நமக்கு உதாரணம் அகமதாபாத். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளி இருந்தும் அங்கே அடுக்ககங்கள் விழுந்தன. விழுந்தவற்றில் பல, கீழே வெறும் தூண்களும் மேலே சுவர் நிறைந்த வீடுகளுமாக நின்றவை. மேலே சுவர்கள் விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். அசைவு முழுவதும் கீழ்த்தூண்களில் இறங்கும். அதே ஆண்டு செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த நடுக்கத்தைச் சென்னையில் உணர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2002இல் திருத்திய, நிலநடுக்கத்துக்கான இந்தியக் கட்டட விதி நூல், சென்னையை அபாயம் குறைந்த இரண்டாம் மண்டலத்திலிருந்து அதைவிட அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. நமக்கென்ன என்று உட்கார்ந்திருக்க முடியாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கான்கிரீட் கட்டடத்துக்குள் இருக்கும்போது ஆடினால் ஓடாதீர்கள். உறுதியான மேசைக்கடியில் புகுந்து, தலையையும் கழுத்தையும் மூடி, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லையா, கண்ணாடி ஜன்னலை விட்டு விலகி உட்சுவர் ஓரம் குனிந்து உட்காருங்கள். கதவு நிலையில் நிற்பது பழைய காலத்து யோசனை, விட்டுவிடுங்கள். லிஃப்ட் பக்கம் போகாதீர்கள். படிக்கட்டில் முண்டியடிக்காதீர்கள். வாசலில் விழும் கைப்பிடிச்சுவரும் கண்ணாடியும் ஓடி வருபவர்கள் தலையில்தான் விழும். மண்சுவர் வீட்டில் வாசலருகே இருப்பவர் இரண்டே எட்டில் திறந்த வெளிக்குப் போக முடிந்தால் மட்டும் போகலாம். ஆட்டம் நின்றதும் கேஸை மூடுங்கள். இரும்பு பீரோவை இன்றைக்கே சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கட்டிலுக்கு மேலே உள்ள பரணில் பித்தளை அண்டா எதற்கு? இறக்கி வையுங்கள்.

தரைத்தளம் திறந்திருக்கும் அடுக்ககத்தில் இருப்பவர்கள், பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து வரைபடத்தோடு தூண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தூணைப் பெரிதாக்கலாம், இடையில் கான்கிரீட் சுவர் எழுப்பலாம். அதுவரை ஒரு செங்கல்லையும் உருவாதீர்கள்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களா? தூணுக்குக் கம்பி கட்டும் நாளன்று தளத்துக்குப் போங்கள். கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் இரு முனைகளும் 135 டிகிரிக்கு உள்நோக்கி மடங்கி, தூணின் நடுப்பகுதிக்குள் குறைந்தது 65 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். பல இடங்களில் 90 டிகிரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆட்டத்தில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த ரிங் திறந்துகொள்ளும், நெடுங்கம்பிகள் பிதுங்கும், தூண் போய்விடும். மேஸ்திரி அலுத்துக்கொள்வார், இத்தனை வருடம் இப்படித்தான் கட்டினோம் என்பார். சென்டரிங் பலகை அடிக்க விடாமல், நின்று மடக்கச் சொல்லுங்கள்.