மின்வேதி உணரி: இதில் ‘மருந்து’ எங்கிருந்து வந்தது?

‘சட்டவிரோத மருந்துகளைக் கண்டுபிடிக்கும் மின்வேதியியல் உணர்வி’ என்று மறுபடியும் ஒரு செய்தி. ஒரே வரியில் எத்தனை இடறல்!

சென்சார் என்பது ‘உணர்தல்’ பொருள் கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். நம்மிடமும் ‘உணர்’ இருக்கிறது. துருவி, வடிகட்டி போல இகரம் சேர்த்தால் உணரி, அவ்வளவுதான். உணர்வி என்பவர்கள் அறிவி, கற்பி இரண்டையும் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்: அது பிறரை உணரவைப்பது. மின்வேதியியல் என்பதோ படிப்பின் பெயர். கருவிக்குள் நடப்பது வேதிவினை, பாடம் அல்ல. மின்வேதி உணரி என்றாலே போதும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ‘மருந்து’தான் தாங்கவில்லை. ஆங்கிலத்தில் மருந்துக்கடைக்காரருக்கும் கடத்தல்காரருக்கும் ஒரே சொல், டிரக் (தமிழில் எழுதினால் லாரி மாதிரி இருக்கிறது, அது வேறு கதை). நமக்குத்தான் போதைப்பொருள் என்று தனிச்சொல் புழக்கத்தில் இருக்கிறதே, அப்புறம் ஏன் அவர்களுடைய குழப்பத்தைக் கடன் வாங்க வேண்டும்?

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 2023இல் மட்டும் அங்கே சுமார் 116 டன் கொக்கெயின் பிடிபட்டது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ‘பார்டர்சென்ஸ்’ என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் இந்த வகை உணரிகளைத்தான் உருவாக்க முனைந்தது. சர்க்கரை பார்க்கும் பட்டை மாதிரி, மின்முனைகள் அச்சிட்ட ஒரு சிறு பட்டை. சிட்டிகைத் தூளைக் கரைத்து அதில் ஒரு சொட்டு விட்டு, மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினால், ஒவ்வொரு பொருளும் தனக்கான அழுத்தத்தில் எலக்ட்ரானை இழக்கும், அங்கே மின்னோட்ட வரைபடத்தில் ஒரு முகடு எழும். முகடு எங்கே எழுகிறது என்பதை வைத்துத்தான் அது என்ன பொருள் என்று கணிக்கிறார்கள். நிறம் மாறுவதை வைத்துச் சொல்லும் பழைய கோபால்ட் தயோசயனேட் சோதனையில் கொக்கெயினுக்கு நீலம் வரும், பல் டாக்டர் மரத்துப்போகப் போடும் லிடோகெயினுக்கும் நீலம் வரும் என்பதால்தான் இவ்வளவு மெனக்கெடல்.

கொக்கெயினில் லெவாமிசோல் என்ற குடற்புழு மருந்தையும் கலக்கிறார்கள், ஆடுமாடுகளுக்குக் கொடுப்பது. அது கலந்திருந்தால் கொக்கெயினின் முகடு மறைந்துபோகக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் தலைவலி. ஆக அந்தத் தூளில் மருந்து என்று இருப்பது லெவாமிசோல்தான், கருவிக்குத் தொல்லை கொடுப்பதும் அதுதான். இதற்குப் போய் ‘மருந்து உணரி’ என்று பெயர் வைத்தால்?

மார்ஃபின், கெட்டமின் எல்லாம் மருந்துதானே என்று கேட்பார்கள். சரி, ஆஸ்பத்திரியில் மருந்து. சுங்கச் சோதனையில் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தால் போதைப்பொருள்.

புதிதாகக் கண்டுபிடிப்பதற்கும் இருப்பதைக் கண்டறிவதற்கும் உள்ள வித்தியாசத்தை மொழிபெயர்ப்பாளர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கொக்கெயினை 19ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள், இந்தப் பட்டை அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை.