ஆயுத ஒழிப்பு வேறு, ஆயுதக் குறைப்பு வேறு

அமெரிக்க செனட்டர் ரிச்சர்ட் லூகரை ‘அணு ஆயுத ஒழிப்புக்காக வாழ்ந்தவர்’ என்று எழுதுகிறார்கள். அவர் ஒழிப்பு கேட்டவர் அல்லர். அணுகுண்டுச் சோதனைகளை முற்றாகத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1999இல் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்தவர் அவர்.

‘டிஸார்மமென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் ‘ஆர்மா’, அதாவது ஆயுதங்கள். முன்னொட்டு நீக்கத்தைக் குறிக்கும். தமிழில் ஆயுதக் களைவு. ‘இடுக்கண் களைவதாம் நட்பு’ என்ற குறளில் உள்ள அதே களைதல்தான்.

ஒழிப்பு என்றால் மிச்சம் இருக்கக் கூடாது. ஜமீன்தாரி ஒழிப்பு, பெரியம்மை ஒழிப்பு என்று நாம் சொன்னதெல்லாம் அந்தப் பொருளில்தான். லூகர் முன்னின்று ஆதரித்த புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தைச் செனட் 2010 டிசம்பரில் 71-26 என்ற வாக்குகளில் ஏற்றது. 2026 பிப்ரவரியில் அது காலாவதியாகும்வரை, அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆளுக்கு 1,550 நெடுந்தொலைவு அணுகுண்டுகளை ஏவத் தயாராக வைத்துக்கொள்ள அதில் இடமிருந்தது. இதை ஒழிப்பு ஒப்பந்தம் என்று எழுதினால் படிப்பவர் ஏமாறுகிறார். இது ஆயுதக் குறைப்பு.

தனித்தமிழ் அன்பர்கள் ‘படைக்குறைப்பு’ என்கிறார்கள். படை என்ற சொல்லுக்கு ஆயுதம் என்ற பழம்பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்றைய வாசகர் படைவீரர்களைக் குறைப்பதாகவே புரிந்துகொள்வார். படைக்கலக் குறைப்பு என்று முழுதாகச் சொன்னால் எனக்கு மறுப்பே இல்லை. தூய்மைக்காகத் தெளிவைப் பலிகொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

களைவு, குறைப்பு இரண்டும் ஒரே திட்டத்தில் நடந்ததுண்டு. சோவியத் ஒன்றியம் சிதறிக்கொண்டிருந்த 1991இல், இண்டியானா மாநிலத்தின் குடியரசுக் கட்சிக்காரரான லூகரும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஜனநாயகக் கட்சிக்காரரான செனட்டர் சாம் நன்னும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஏவுகணைகளை வெட்டவும், அவற்றின் நிலவறைகளைத் தகர்க்கவும், அணுப்பொருளைக் காவலில் வைக்கவும் அமெரிக்கா பணம் கொடுத்தது. சோவியத் அணுகுண்டுகள் தங்கிவிட்ட உக்ரைன், கஜகஸ்தான், பெலாரஸ் மூன்றிலும் 1996 முடிவதற்குள் ஓர் அணுகுண்டுகூட இல்லை. அங்கே நடந்தது அணு ஆயுதக் களைவு. ரஷ்யாவில் நடந்தது குறைப்பு மட்டுமே. இரண்டையும் ‘ஒழிப்பு’ என்று எழுதினால், அந்த மூன்று நாடுகள் எதை விட்டுக்கொடுத்தன என்பதே மறைந்துபோகிறது.

இத்திட்டத்தின் ஆங்கிலப் பெயரான ‘கோஆபரேட்டிவ் த்ரெட் ரிடக்ஷன்’ என்பதைக் ‘கூட்டுறவு அச்சுறுத்தல் குறைப்பு’ என்று எழுதுவதும் தவறு. தமிழில் கூட்டுறவு என்றால் சங்கமும் வங்கியும் கடனும்தான் நினைவுக்கு வரும். ‘ஒத்துழைப்பு வழி அபாயக் குறைப்பு’ என்றால் பொருள் நேராக விளங்கும்.

இன்னும் மோசம், ‘வார்ஹெட்’ என்பதைப் ‘போர்முனை’ ஆக்குவது. போர்முனை என்பது வீரர்கள் நின்று போரிடும் இடம். ஏவுகணையின் நுனியில் இருப்பது வெடிமுனை. ‘ஆயிரக்கணக்கான போர்முனைகள் செயலிழக்கச் செய்யப்பட்டன’ என்ற வரியை மொழிபெயர்த்தவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தாலே திருத்தியிருப்பார்.