அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவும் பால் பற்களும்

மத்திய அரசு 2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம், பிறந்த குழந்தை முதல் 18 வயதினர் வரை பரிசோதித்து, கண்டறியப்படும் குறைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெற வழி செய்கிறது. இதய ஓட்டைக்கும் அன்னப்பிளவுக்கும் உரிய திட்டம் என்றே நம் பக்கத்தில் பலரும் இதை அறிந்திருக்கிறார்கள்; பல் நோய்களும் இதன் பட்டியலில் உள்ளன.

திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வர வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ பள்ளிபாளையம் விசைத்தறிக்கோ பெற்றோர் ஷிப்டுக்குப் போய்விடும் வீடுகளில் அந்த நாள் தெரியாமலே கடந்துவிடுகிறது. ஆகவே தேதியை அங்கன்வாடிப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்து, பாட்டியோ அத்தையோ யாரேனும் ஒருவர் குழந்தையுடன் செல்வது நல்லது.

அதற்கு முன்பே, வெளிச்சத்தில் குழந்தையின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பாருங்கள். முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெளுத்திருந்தால் அதுவே சொத்தையின் தொடக்கம். பழுப்பாகிக் குழி விழுந்த பிறகுதான் நாம் கவனிக்கிறோம். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளுக்கு இது முதலில் மேல் முன்பற்களில் வரும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைக் கலந்தாலும், பல்லில் இருக்கும் கிருமிக்கு இரண்டும் ஒன்றே. மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, அதன்பின் பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை போதும்; காலையிலும் படுக்கப்போகும் முன்னும் பெரியவர்களே துலக்கிவிட வேண்டும்.

குழு பல்லில் குறை கண்டால் பரிந்துரைச் சீட்டு தரும். அதை அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டினால் சிகிச்சை இலவசம். “விழப்போகிற பல்தானே” என்று சீட்டை அலமாரியில் வைத்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. பின்கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. முன்னதாகவே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, அடியில் வரும் நிலைப்பல்லின் இடத்தை அடைத்துவிடும்.

ஆறு வயதையொட்டிப் பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. இதையும் பால் பல் என்று எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுபவர்கள் அதிகம். ஒன்றாம் வகுப்பில் குழு வரும்போது அந்தப் பல்லைக் குறிப்பாகக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.