முருங்கைக்கீரை சூப்பும் அசிட்ரோம் மாத்திரையும்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. இதயத்துடிப்பு சீராக இல்லை என்று அசிட்ரோம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கீரை விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்கிறார் டாக்டர். தர்மபுரியிலிருந்து வந்திருக்கும் பெரியப்பாவோ, தினமும் முருங்கைக்கீரை சூப்பும் கூடவே ஒரு கஷாயமும் கொடுத்தால் கை கால் தானாக வரும் என்கிறார். மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?"

அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல். மாமியார் விழுங்கும் அந்த மாத்திரையின் பூர்வீகமே ஒரு மாட்டுத் தீவனம்.

முதலில் பள்ளிப் பாடத்தை வேகமாக முடித்துவிடலாம். பக்கவாதத்தில் ஐந்தில் நான்கு, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு வருவது. மீதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருவது. அடைக்கும் கட்டி சிலருக்குக் கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பிலிருந்து கிளம்புகிறது, சிலருக்கு இதயத்திலிருந்து. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கினால், இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அது நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். துடிப்பு இப்படிக் குலைந்தவர்களுக்கு ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் வகை மருந்துகள் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துவிடும். அசிட்ரோமில் இருக்கும் அசினோகுமரால், வார்ஃபரினின் பங்காளி. பக்கவாதம் வந்த எல்லோருக்கும் இது கிடையாது. பலருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும்தான் கொடுப்பார்கள். அவர்கள் கீரையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

இனி மாட்டுக் கதை. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் செத்தன. கொம்பு வெட்டினாலோ காயடித்தாலோ ரத்தம் நிற்காது. ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடியைக் காயவைத்துப் போட்டிருந்தார்கள். நல்ல தீவனம் தின்ற மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பூஞ்சணம் பிடித்ததைத் தின்றவைதான் செத்தன. செடியில் குமரின் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. பூஞ்சை அதை மாற்றியமைக்க, மாறிய மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து டைகுமரால் ஆகின்றன. 1933 பிப்ரவரியில் எட் கார்ல்சன் என்ற விஸ்கான்சின் விவசாயி, செத்த கிடேரியையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம் 1939இல் டைகுமராலைப் பிரித்தெடுத்தது. அதன் வாரிசான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது, 1954இல் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்குக் கொடுத்தார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த மருந்து ரத்தத்தை "இளக்குகிறது" என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் ரத்தம் துளிகூட இளகுவதில்லை.

ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் நான்கு (2, 7, 9, 10 என்று எண்ணிட்டவை) கல்லீரலில் தயாராகும்போது கடைசியாக ஒரு வேலை பாக்கியிருக்கும். புரதத்தின் ஒரு முனையில் குளுட்டாமிக் அமிலங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஏற்கனவே ஒரு கார்பாக்சில் தொகுதி உண்டு. ஒரு நொதி அதன் பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டவைக்கிறது. இரண்டு எதிர்மின் தொகுதிகள் அருகருகே விரிந்து, நண்டுக் கொடுக்கு மாதிரி கால்சியம் அயனியைக் கவ்விக்கொள்கின்றன. 2ஆம் எண் புரதமான புரோத்ராம்பினில் இப்படிப் பத்துக் கொடுக்குகள். கால்சியத்தைக் கவ்வியதும் புரதத்தின் வடிவமே மாறுகிறது. காயம்பட்ட இடத்தில் தட்டணுக்கள் வெளிக்காட்டும் ஒரு தனிவகைக் கொழுப்பின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால்தான் வேலை. காயத்தில் உறையும் ரத்தம் உடம்பு முழுக்க உறையாமல் இருப்பதற்கு இந்த ஒட்டல் ஒரு முக்கியக் காரணம்.

இதை 1974இல் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான சுவீடனின் யோஹான் ஸ்டென்ஃப்ளோவுக்கும் மாடுதான் உதவியது. டைகுமரால் கொடுத்த மாட்டின் புரோத்ராம்பினையும் சாதாரண மாட்டின் புரோத்ராம்பினையும் ஒப்பிட்டார். மருந்து கொடுத்த மாட்டின் புரதம் கால்சியத்தைக் கவ்வவில்லை. கொடுக்கு முளைக்கவில்லை.

கொடுக்கு முளைக்க வைட்டமின் கே வேண்டும். ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் ஒரு வைட்டமின் கே மூலக்கூறு ஆக்சிஜனேற்றம் அடைந்து பயனற்ற வடிவத்துக்குப் போய்விடும். உடம்பில் இதன் கையிருப்பு கொஞ்சம்தான். அதனால் வேறொரு நொதி அதைப் பழைய வடிவத்துக்குத் திருப்பித் திருப்பிக் கொண்டுவருகிறது. வார்ஃபரினும் அசிட்ரோமும் போய் உட்காருவது இந்த நொதியின் மேல். வைட்டமின் கே பயனற்ற வடிவத்திலேயே தங்கிவிட, கல்லீரல் கொடுக்கில்லாத புரதங்களை அனுப்புகிறது. முன்பே ரத்தத்தில் இருக்கும் நல்ல புரதங்கள் தீர வேண்டுமே! 7ஆம் எண் ஆறு மணி நேரத்தில் பாதியாகிறது. புரோத்ராம்பினுக்கோ இரண்டரை நாள். இன்று மாற்றிய மாத்திரை அளவின் முழுப் பலன் சில நாள் கழித்துத்தான் தெரியும். ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு மறுபடி மறுபடி வரச் சொல்வது இதனால்தான், டாக்டருக்குப் பணம் போகட்டும் என்றல்ல.

கீரைக்கு இப்போது வரலாம். இலை சூரிய ஒளியை உணவாக்கும்போது எலக்ட்ரான்களைக் கைமாற்றும் மூலக்கூறுகளில் ஒன்றே வைட்டமின் கே1. ஆகவே பச்சை எங்கே அடர்த்தியோ அங்கே இதுவும் அதிகம். நூறு கிராம் பாலக்கீரையில் சுமார் 480 மைக்ரோகிராம். ஒரு பெண்ணின் அன்றாடத் தேவை 90 அளவில்தான். சரி, திருப்பும் நொதியை மருந்து அடைத்திருக்கும்போது கீரையில் வரும் வைட்டமின் எப்படி வேலை செய்கிறது? கல்லீரலில் மருந்துக்கு மசியாத இன்னொரு வழி இருக்கிறது என்று பல காலமாகத் தெரியும். அந்த வழியில் நிற்கும் நொதி எஃப்எஸ்பி1 என்று 2022இல்தான் மியூனிக்கிலிருந்து ஒரு குழு காட்டியது. செல்கள் சாகும் விதத்தைப் பற்றிய ஆய்வில் இறங்கியவர்களுக்கு இந்த விடை கிடைத்தது. இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் கேட்டால் "இதனால் மக்களுக்கு என்ன லாபம்" என்று கேட்கும் நம் நிதிக் குழுக்களை நினைத்துக்கொண்டேன்.

ஆகவே, கீரையை அடியோடு நிறுத்துவது தவறு. நிறுத்தினால் கையிருப்பு இன்னும் மெலிந்து, எந்தச் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும். பரிசோதனை அளவு நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தினமும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே கொடுத்தபோது அது சீரானதாக 2007இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது. கீரையை மசித்துச் செய்யும் மஸ்ஸொப்பு சாறோ முருங்கைப் பொரியலோ, வாரத்தில் வழக்கமாக எவ்வளவோ அவ்வளவே இருக்கட்டும். அதற்கேற்ப மாத்திரை அளவை டாக்டர் வைப்பார். வைட்டமின் கே நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வடிகட்டிய சூப்பில் அது அதிகம் இறங்காது. இலையோடு அரைத்து நெய் விட்டால் கதை வேறு. திடீரென்று தினசரி ஒரு கிண்ணம் என்று ஆரம்பிப்பதுதான் ஆபத்து: மருந்து தோற்றுப்போய் மறுபடி கட்டி உருவாகலாம்.

கஷாயம் எதிர்த்திசையிலும் இழுக்கலாம். நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் ஒரு நிகழ்வைப் பதிவு செய்தது. வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் சேர்ந்த ஒரு தயாரிப்பை எடுக்க ஆரம்பித்த சில வாரங்களில், 2 முதல் 3க்குள் நிற்க வேண்டிய ஐஎன்ஆர் அளவு 10ஐத் தாண்டிவிட்டது. மூளையில் ரத்தம் கசியத் தயாரான நிலை அது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது, பயம் வேண்டாம். ஆனால் என்ன சேர்ந்திருக்கிறது என்று லேபிளே இல்லாத பொடியை யாரும் கணக்கிட முடியாது.

கீரை பாதிக்காத புது மாத்திரைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. பலருக்கு அவையே நல்லது. ஆனால் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் தலைமையில் 4,500க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. இவர்களுக்குப் புதிய ரிவராக்சபானைவிடப் பழைய வகையே உயிரைக் காத்தது. உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழையதுதான்.

மூலிகையால் கை கால் வருமா? இதைச் சரியாகச் சோதித்தவர்கள் உண்டு. நியூரோஎய்ட் என்ற சீன மூலிகைக் கலவையை ஆசிய நாடுகளில் 1,100 பேரிடம் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. மூளை ரத்தக்கசிவுக்குச் சீன மருத்துவமனைகள் கொடுத்துவந்த இன்னொரு கலவையை 1,648 பேரிடம், ஒத்த தோற்றமுள்ள போலி மருந்தோடு ஒப்பிட்டார்கள். 2024இல் வந்த முடிவு: பலன் இல்லை. தங்கள் பாரம்பரிய மருந்தைத் தாங்களே சோதித்து, தோற்றதை உலகறியச் சொன்னார்களே, அதைத்தான் நான் மரியாதை என்பேன். நம்மிடம் பாரம்பரிய மருத்துவத்துக்கு ஆயுஷ் என்று தனி அமைச்சகம் இருக்கிறது, பெங்களூரின் நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஒருங்கிணைந்த மருத்துவத்துக்கென்று துறையே இருக்கிறது. விளம்பரத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கை இந்த அளவு ஆய்வுகளுக்குத் திருப்பினால் போதும்.

பக்கவாதம் வந்த கை காலில் புறா ரத்தம் தேய்க்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசக்கூட எனக்குப் பொறுமையில்லை. அதில் வீணாவது நேரம். அடைப்பு வந்த மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். அந்த ஊசியைப் போடும் முன் ஐஎன்ஆர் பார்ப்பார்கள், 1.7ஐத் தாண்டியிருந்தால் போட மாட்டார்கள். அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு மறுபடி வாய் கோணினாலோ கை விழுந்தாலோ, ஆம்புலன்ஸில் ஏறும்போதே மாத்திரை அட்டையையும், கொடுத்துவந்த பொடி எதுவானாலும் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைசி வேளை எப்போது கொடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.