சாரை நல்ல பாம்பின் கணவன் அல்ல

சென்ற வாரம் குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரை எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே சாக்கில் அடித்துக் கொன்ற ஒரு சாரை. "இதுதான் சார் கடிச்சுது. ஆணுல்லா, பெட்டை அளவுக்கு விஷம் இருக்காது" என்றார் மச்சினன், சாரைதான் நல்ல பாம்பின் ஆண் என்ற ஊர் நம்பிக்கையில். அவர் பேசும்போதே நோயாளியின் இமைகள் சரிந்துகொண்டிருந்தன.

சாரைக்கடியில் இமை சரியாது. இருட்டில் கடித்த பாம்பை யாரும் பார்க்கவில்லை. வெளிச்சம் வந்தபின் கண்ணில் பட்டதை அடித்திருக்கிறார்கள். ஆண்தானே என்ற தைரியத்தில் மூன்று மணி நேரம் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். ஆள் பிழைத்தார், ஆனால் இரண்டு நாள் செயற்கைச் சுவாசத்தில்.

எத்தனை முறை சொல்வது? சாரையிலும் ஆண், பெண் உண்டு. நல்ல பாம்பிலும் உண்டு. தங்களுக்குள் சேர்ந்து, மேலும் குட்டி போடக்கூடிய குட்டிகளைப் பெறுபவைதான் ஒரே சிற்றினம். உங்கள் தொழுவத்தையே பாருங்கள். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சிக் காளையால் கன்று பிறக்கும், அந்தக் கன்றும் வளர்ந்து ஈனும். பசுவும் எருமையும் பத்து வருடம் ஒரே தொழுவில் நின்றாலும் கன்று கிடையாது. சாரையும் நல்ல பாம்பும் அதைவிடத் தூரத்து உறவு, குடும்பமே வேறு. பிணைந்து எழும் பாம்புகள்மேல் வேட்டி போடுகிறீர்களே, அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். பெண்ணுக்காக ஒன்றையொன்று தரையில் அழுத்தப் பார்க்கின்றன.

இதில் எங்கள் பாடும் இருக்கிறது. நம் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்குத்தான். மலையோர ரப்பர் தோட்டங்களில் சருகுக்குள் கிடக்கும், மூக்கு மேல்நோக்கிய சிறு குழிவிரியனுக்கு அது உதவாது. அது கடித்தால் சிறுநீரகமே கெடலாம். அதையும் சுருட்டை என்று சொல்லித்தான் கொண்டு வருகிறார்கள்.

அதனால் எந்தப் பாம்பு என்று வீட்டில் பஞ்சாயத்து வேண்டாம். பாம்பைத் தேடிப் போகாதீர்கள், சாக்கிலும் கொண்டு வராதீர்கள். அறிகுறியையும் ரத்தம் உறைவதையும் பார்த்தே வைத்தியம் தொடங்குவோம். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பால் வெட்டுக்குப் போகும்போது முழங்கால்வரை பூட்ஸ் போடுங்கள், வேர்க்குதென்று கழற்ற வேண்டாம்.

சாரையை விட்டுவிடுங்கள், ப்ளீஸ். நல்ல பாம்பு வீட்டுக்குள் வருவதே பெரும்பாலும் எலியைத் தேடித்தான், அந்த எலியைத்தான் சாரையும் தின்கிறது.