மெஷின் தந்தார்கள், பணம் தரவில்லை: அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் ஸ்லீப் ஆப்னியா அப்பீல்

அமெரிக்காவில் படைவீரர் நலத்துறையை எல்லோரும் வி.ஏ. என்றுதான் சொல்வார்கள். அதன் ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனை செய்து, ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்) என்று எழுதி, மூச்சுவழி அடைபடாமல் காற்றை அழுத்தித் தரும் சி-பேப் மெஷினும் இரவில் மாட்டிக்கொள்ளத் தருவார்கள். அதே நோய்க்கு மாத இழப்பீடு கேட்டால், அதே வி.ஏ.விடமிருந்து ‘மறுக்கப்பட்டது’ என்று கடிதம் வரும். ஆஸ்பத்திரி பார்ப்பது நோய் இருக்கிறதா என்று. இழப்பீட்டுப் பிரிவு பார்ப்பது அந்த நோய் ராணுவ சேவையால் வந்ததா என்று. அப்பீல் முழுக்க இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான் ஓடும்.

இதில் தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட ‘மாவ்னி’ திட்டத்தில் அமெரிக்க ராணுவம் தேடிய மொழிகளில் தமிழும் ஒன்று. அப்படிச் சேர்ந்து வெளியே வந்தவர்களுக்கும் இதே விதிகள்தான்.

நோயின் கடுமையை வி.ஏ. சதவீதமாகக் குறிக்கும். இதுதான் ‘ரேட்டிங்’; மாத இழப்பீடு இதைப் பொறுத்தது. விதிப்புத்தகத்தில் ஸ்லீப் ஆப்னியாவின் எண் 6847. பரிசோதனையில் தெரிந்தும் தொந்தரவு இல்லையென்றால் 0 சதவீதம். பகலெல்லாம் விடாத தூக்கக் கலக்கம் இருந்தால் 30. சி-பேப் போன்ற கருவி மருத்துவ ரீதியாகத் தேவைப்பட்டால் 50. மூச்சு மண்டலமே செயலிழக்கும் நிலை, தொண்டையில் துளையிட்டு மூச்சுவிடும் நிலை போன்றவற்றுக்கு 100. குடும்பமில்லாத தனிநபருக்கு 2025 கணக்கில் 50 சதவீதம் என்றால் மாதம் 1,102 டாலர். மெஷின் இருந்தாலே 50 என்பது தாராளம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. 2022 பிப்ரவரியில் வி.ஏ.வே இந்த அளவுகோலை இறுக்க ஒரு முன்மொழிவு வெளியிட்டது. ஆனால் அளவுகோல் மாறியது என்ற ஒரே காரணத்துக்காக, ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவரின் சதவீதத்தைக் குறைக்கச் சட்டம் இடம் தராது. நோய் உண்மையிலேயே குறைந்திருக்க வேண்டும்.

மறுப்புக் கடிதம் வந்ததும் கோபத்தோடு அப்பீல் போடாதீர்கள். முதலில் கடிதத்தைப் படியுங்கள். மூன்று விஷயம் நிரூபணமாக வேண்டும்: இப்போது நோய் இருக்கிறது, சேவைக்காலத்தில் அதற்கான அறிகுறியோ காரணமோ இருந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு. இந்த மூன்றாவதைத்தான் ‘நெக்சஸ்’ என்பார்கள். பெரும்பாலும் அறுந்து கிடப்பது இந்தக் கண்ணிதான். ‘சேவைக்கால மருத்துவக் குறிப்பில் குறட்டை பற்றி ஒரு வரியும் இல்லை, நோய் தெரிந்தது வெளியே வந்து எட்டு வருஷம் கழித்து, உடல் பருமன்தான் காரணம்’ என்ற மாதிரி பரிசோதித்த டாக்டர் எழுதியிருப்பார்.

குறிப்பு இல்லாதது பெரிய அதிசயமில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் குறட்டைக்காக ராணுவ டாக்டரிடம் போவானா? தூங்குகிறவனுக்குத் தன் மூச்சு நிற்பது தெரியவும் தெரியாது. பக்கத்தில் படுத்தவருக்குத்தான் தெரியும். அதனால்தான் மனைவியின் வாக்குமூலத்துக்கும், ஒரே கொட்டகையில் படுத்த நண்பனின் வாக்குமூலத்துக்கும் இங்கே மதிப்பு. 21-10210 என்ற படிவத்தில் எழுதலாம். ‘பலமாகக் குறட்டை விடுவார்’ என்று எழுதினால் போதாது. எந்த வருஷம், எந்த முகாம், எத்தனை நொடி மூச்சு நின்றது, எப்படித் திணறி எழுந்தார், பயந்துபோய் நீங்கள் தோளைப் பிடித்து உலுக்கினீர்களா என்று கண்டதை மட்டும் எழுத வேண்டும். ‘அதுதான் ஆப்னியா’ என்ற முடிவை டாக்டருக்கு விட்டுவிடுங்கள். அந்தக்கால மருத்துவக் குறிப்பு இல்லை என்பதற்காக மட்டுமே இத்தகைய வாக்குமூலத்தை நம்பத்தகாதது என்று தள்ளக்கூடாது என்று 2006-லேயே புக்கானன் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டாக்டரிடம் நெக்சஸ் கடிதம் வாங்கும்போது ஒரு சொல் எல்லாவற்றையும் கெடுக்கும். ‘இருக்கலாம்’ என்று எழுதினால் அது வெறும் ஊகம். ‘சேவையால் வந்திருக்க ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பாவது உண்டு’ என்ற பொருளில் எழுதி, ஏன் என்றும் விளக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே.

நேர்வழி அடைபட்டால் சுற்றுவழி உண்டு. ஏற்கெனவே ஏற்கப்பட்ட இன்னொரு பாதிப்பு ஆப்னியாவை உண்டாக்கியது, அல்லது மோசமாக்கியது என்று காட்டலாம். உதாரணமாக, போர் அதிர்ச்சி மனநோய்க்கான மாத்திரையால் எடை ஏறி, எடையால் ஆப்னியா வந்தது என்ற சங்கிலி. பருமனைத் தனி நோயாக வி.ஏ. ஏற்காது; ஆனால் இப்படி நடுவில் நிற்கும் கண்ணியாக ஏற்கலாம் என்று அதன் தலைமைச் சட்ட அலுவலகம் 2017-ல் கருத்து எழுதியது. பருமனைக் காட்டி மறுத்தவர்களிடமே பருமனைத் திருப்பிக் காட்டும் வழி இது. ஆனால் ராணுவ முகாம்களில் குப்பை எரித்த குழிகளின் புகை போன்றவற்றால் வந்ததாகத் தானாகவே கருதப்படும் நோய்களுக்கான 2022-ன் பாக்ட் சட்டப் பட்டியலில் ஆப்னியா இல்லை. ‘எரிகுழிப் புகையைச் சுவாசித்தேன்’ என்றால் மட்டும் தானாகக் கிடைக்காது.

2019 பிப்ரவரி 19 முதல் அப்பீலுக்கு மூன்று பாதை. புதுச் சான்று கையில் இருந்தால் துணைக் கோரிக்கை, படிவம் 20-0995. சான்றெல்லாம் ஏற்கெனவே கோப்பில் இருந்தும் அவர்கள் தவறாகப் பார்த்தார்கள் என்றால் மேல்நிலை மறுஆய்வு, 20-0996. இதில் புதுத்தாள் ஒன்றுகூடச் சேர்க்க முடியாது. நெக்சஸ் கடிதம் இல்லாமல் மறுக்கப்பட்டவர் இந்தப் பாதையில் போய் மாதக்கணக்கில் காத்திருந்து அதே பதிலை வாங்குவதுதான் வழக்கமான தப்பு. மூன்றாவது, அப்பீல் வாரியம், படிவம் 10182. நீதிபதி முன் பேசவும் கேட்கலாம், காத்திருப்பும் அதிகம். எதுவானாலும் முடிவு வந்து ஒரு வருஷத்துக்குள் போட்டால், ஜெயிக்கும்போது பொதுவாக முதல் விண்ணப்பத் தேதியிலிருந்தே பாக்கி கிடைக்கும். வருஷம் தாண்டினால் துணைக் கோரிக்கை மட்டும்தான் மிச்சம், அதுவும் புதுத் தேதிக் கணக்கில். வாரியமும் மறுத்தால் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 120 நாள்.

டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன் போன்ற சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் காசு வாங்காமல் செய்துதருவார்கள். படிவம் 21-22-ல் அவர்களை நியமிக்கலாம். வக்கீல் என்றால் முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்கவே கூடாது. மறுப்புக்குப் பிறகு, பாக்கித் தொகையில் 20 சதவீதம் வரை நியாயம் என்று கொள்ளப்படும். ‘ரேட்டிங் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று போன் செய்கிறவருக்கு அங்கீகாரம் உண்டா என்பதை வி.ஏ. தளத்தில் பெயர் போட்டுத் தேடினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.