கூறுவெளி

கணிதச் சொல். ஒரு சோதனையில் வரக்கூடிய முடிவுகளை ஒன்றும் விடாமல், எதையும் இருமுறை எண்ணாமல் எழுதிவைத்த கணம், அதாவது தொகுப்பு. அதிலுள்ள ஒவ்வொரு முடிவும் ஒரு கூறுபுள்ளி. அந்தக் கணத்தில் நமக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்தால் அது நிகழ்ச்சி. நிகழ்ச்சி நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை 0 முதல் 1 வரையுள்ள எண்ணால் சொன்னால் நிகழ்தகவு.

வரையறை சுலபம், பட்டியல் போடும்போதுதான் தகராறு. தாயக்கட்டையை எடுத்துக்கொள்வோம். இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நீள முகங்கள். ஒரு முகம் வெறுமை. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். உருட்டினால் விழுவது தாயம், 2, 3, 4, 5, 6, பன்னிரண்டு என ஏழில் ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுவதுதான் பன்னிரண்டு. அப்படியானால் தாயம் விழ ஏழில் ஒரு வாய்ப்பா? இல்லை. கட்டைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் 4 × 4 = 16 விதமாக விழலாம். தாயத்துக்கு வழி இரண்டு: இந்தக் கட்டையில் ஒன்று, அதில் வெறுமை, அல்லது இதில் வெறுமை, அதில் ஒன்று. ஆக 2/16, அதாவது 1/8. மூன்று விழ நான்கு வழிகள் உண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் தலா ஒரே வழி. ஏழு முடிவுகள் கொண்ட பட்டியலும் கூறுவெளிதான், தப்பில்லை. ஆனால் அந்த ஏழுக்கும் சம வாய்ப்பு கிடையாது. எண்ணி வகுக்கும் கணக்கு பதினாறில்தான் செல்லும்.

இந்த இடத்தில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்று 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதினார் கணித அறிஞர் தலாம்பேர். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, எனவே தலை, பூ-தலை, பூ-பூ என மூன்றே முடிவுகள் என்பது அவர் வாதம். முதல் தலைக்கு மட்டும் பாதி வாய்ப்பு போய்விடுகிறது என்பதை விட்டுவிட்டார். சரியான விடை 3/4.

பகடையில் மொத்த முடிவுகளை முதலில் எண்ண வேண்டும் என்ற யோசனை 16-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோவிடம் இருந்தது. ‘வெளி’ என்ற பெயர் வெகு பின்னால், 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1933-இல் ரஷ்யக் கணித அறிஞர் கோல்மொகரோவ் நிகழ்தகவுக்கு அடிப்படை விதிகளை எழுதியபோது இந்தக் கணத்தைத்தான் அடித்தளமாக வைத்தார்.

ஆங்கிலத்தில் சாம்பிள் ஸ்பேஸ். இலங்கைப் பாடநூல்களில் மாதிரி வெளி, தமிழ்நாட்டில் கூறுவெளி. என் ஓட்டு கூறுவெளிக்கு. ‘மாதிரி’ என்றால் மொத்தத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் காட்டுவது. இங்கே இருப்பதோ மொத்தமும். ‘கூறு’ புள்ளியியலில் அதே சாம்பிளுக்கான சொல்தான் என்றாலும், பகுதி என்ற பொருளும் அதற்கு இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது.

நிகழ்தகவு இன்னும் நல்ல சொல். தகவு என்றால் தகுதி. ‘தக்கார் தகவிலர்’ என்று குறளில் வருவது இதுதான். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கும் ஏற்கத்தக்கது என்றே பொருள். நிகழ்தகவு வினைத்தொகை, ஊறுகாய் போல. ஆகவே நடுவில் ஒற்று மிகாது. ‘நிகழ்த்தகவு’ என்று எழுதுவது பிழை. செய்தியிலும் பேச்சிலும் ‘வாய்ப்பு’ போதும்.

எனக்கு இடறுவது ‘சமவாய்ப்புச் சோதனை’. முடிவை முன்கூட்டிச் சொல்ல முடியாத சோதனை என்பதே கருத்து. பெயரோ எல்லா முடிவுக்கும் சம வாய்ப்பு என்று மாணவனை நம்பவைக்கிறது. இலங்கையின் ‘எழுமாற்றுப் பரிசோதனை’யில் இந்தக் குழப்பம் இல்லை.

மறுபடி தாயத்துக்கு வருவோம். பல வீடுகளில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை போடலாம். இந்த நிகழ்ச்சிக்கு 2 + 2 + 1 + 1 = 6 புள்ளிகள்; நிகழ்தகவு 6/16, அதாவது 3/8. இது நல்ல கட்டைக்கு. ஒரு பக்கம் தேய்ந்த கட்டையானால் கூறுவெளி அதே பதினாறுதான், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 1/16 என்று போட முடியாது. பலமுறை உருட்டிப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.